கோவம் வரும், ஆனா நல்ல மனசு

அவர் பெயரை எழுதப்போவதில்லை. ஒளித்து வைக்க வேண்டிய பெயர் ஒன்றுமில்லை. தன் பெயரை அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை, அவ்வளவுதான். மற்றவர்களை அறிமுகம் செய்து வைப்பதுதான் அவர் வேலை. அந்த வேலையில் அவருக்கு ஞாயிற்றுக்கிழமைகூட லீவு கிடையாது. தபால்காரர், பஸ் கண்டக்டர், தண்ணீர்க் குழாய் பார்க்க வந்த ஆள் என்று யார் வாசலில் நின்றாலும், நம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் முன்னால் நிறுத்திவிடுவார்.

என்னை முதன்முதலில் அறிமுகம் செய்தது மாத்தளை டவுனிலிருந்து வந்திருந்த ஒரு டாக்டரிடம். "இவரு எல்கடுவப் பக்கம். காலையில எழும்ப மாட்டாரு, எழுப்பி விடணும். கறியில வெங்காயத்த பொறுக்கி ஒதுக்கி வைப்பாரு. கோவம் வரும்." அதோடு நிறுத்திக்கொண்டார். டாக்டர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எத்தனை வருசமாக இப்படி என்று கனிவாக விசாரித்தார். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பத்தாம் வகுப்புப் பரீட்சையில் ஆறு பாடம் பாஸ் பண்ணிய திமிர் வேறு. முகத்தில் ஈயாடவில்லை.

எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் இது விளங்காது. எல்கடுவ ரோட்டில், தேயிலை முடிகிற இடத்தில், ஒழுகுகிற பழைய துரை பங்களா ஒன்று. கன்னியாஸ்திரியாக இருந்து உடுப்பைக் கழற்றிவிட்டு வந்த ஓர் அம்மா அதைக் குத்தகைக்கு எடுத்து நடத்தினார். உடுப்பைக் கழற்றியும் நாங்கள் சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டோம். பேச்சு வராதவர்கள், கால் வழங்காதவர்கள், புத்தி வளர்ச்சி குறைந்தவர்கள் என்று எட்டுப் பேர். அவர்களோடு என்னைப் போல ஒரு குறையும் இல்லாதவர்கள் என்று தங்களை நினைத்துக்கொண்டிருந்த ஐந்தாறு பேர். ஒரே மேசை, ஒரே சோறு, ஒரே கக்கூஸ். இங்கே யாரும் நோயாளி இல்லை, யாரும் வேலைக்காரர் இல்லை, எல்லாரும் வீட்டாள் என்பது சிஸ்டரின் சட்டம். கேட்க அழகான சட்டம். கக்கூஸ் கழுவுகிற முறை வரும்போது அதன் அருமை இன்னும் நன்றாகத் தெரியும்.

குசினிக் கதவில் ஒரு கரும்பலகை தொங்கும். தினமும் காலையில் இரண்டு இரண்டு பெயராக ஜோடி போட்டு சிஸ்டர் எழுதுவார். அந்த ஜோடி அன்றைக்கு வேலை எல்லாவற்றையும் சேர்ந்தே செய்ய வேண்டும். யார் யாருக்குக் கை கொடுக்கிறார் என்று பலகையில் இருக்காது. எனக்கு ஜோடி பெரும்பாலும் அவர்தான். நான் கத்தினால் வீட்டில் மற்றவர்கள் பயந்துபோவார்கள், அவர் பயப்பட மாட்டார். அதனால்தான்.

அவருக்கு நாற்பது தாண்டியிருந்தது. கட்டையான, உருண்டையான மனுசன். தடித்த மூக்குக்கண்ணாடியை இலாஸ்டிக் போட்டுப் பின்னந்தலையில் கட்டியிருப்பார். பிறவியிலேயே புத்தி கொஞ்சம் மெதுவாக வளர்ந்தவர். நேரம் பார்க்கத் தெரியாது, சப்பாத்துக் கயிறு கட்டத் தெரியாது. நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். காலையில் குனிந்து அவர் சப்பாத்துக்குக் கயிறு கட்டும்போதெல்லாம் என் தலையில் கை வைத்துக்கொள்வார். விழாமல் இருக்கத்தான் பிடிக்கிறார் என்று நினைத்திருந்தேன். வெகுநாளைக்குப் பிறகுதான் தெரிந்தது, அவர் என்னை ஆசீர்வாதம் பண்ணிக்கொண்டிருந்தார்.

இந்த அறிமுகப் பைத்தியம் அவருக்கு எப்படிப் பிடித்தது என்றால், அதுவும் சிஸ்டரால்தான். வெளியாட்கள் வந்தால் முன்பெல்லாம் சிஸ்டர்தான் ஒவ்வொருவராகக் காட்டிச் சொல்வாராம். இவர் தனியாகக் குளிக்க மாட்டார், இவருக்கு நேரம் தெரியாது, ஆனால் நல்ல மனசு. வருசக்கணக்காக இதைக் கேட்டுக்கொண்டிருந்த மனுசன் ஒருநாள் ஒரு விசயத்தைக் கண்டுபிடித்தார். வீட்டில் பாதிப் பேரை சிஸ்டர் அறிமுகம் செய்வதே இல்லை. அந்தப் பாதியை அவர் எடுத்துக்கொண்டார். பிழை என்று யார் சொல்வது? ஆயர் ஆண்டகை வந்திருந்த அன்று சிஸ்டரையே கையைப் பிடித்து இழுத்துவந்து, இவங்களுக்குக் காது நல்லாக் கேக்கும், ஆனா சொன்னா கேக்க மாட்டாங்க, பாட்டு வராது, ஆனா பாடுவாங்க, நல்ல மனசு என்றார். ஆண்டகை சிரித்த சிரிப்பில் கோப்பையிலிருந்த தேத்தண்ணி அங்கியில் கொட்டியது. சிஸ்டர் சிவந்துபோய் நின்றார். அன்றைக்கு முழுக்க அவர் பாடவில்லை.

அந்த நல்ல மனசு இருக்கிறதே, அது சும்மா கிடைக்கிற சாமான் இல்லை. மில் முதலாளி ஒருவர் தன் பிறந்தநாளுக்கு எங்களுக்குச் சாப்பாடு போட வந்தார். கூடவே ஒரு படக்காரர். எங்களை வரிசையில் நிறுத்திப் பாடச் சொன்னார்கள். பிறகு முதலாளி ஒவ்வொருவர் வாயிலும் கேக்கைத் திணித்தார், படம் சரியாக விழாதவர்கள் இரண்டு தடவை தின்ன வேண்டியிருந்தது. நம் ஆள் அவரை எங்களுக்கு அறிமுகம் செய்தார். மில் வைத்திருக்கிறார், நிறையப் பேசுவார், கேக்கைக் கையால் ஊட்டுவார். அதோடு வாயை மூடிக்கொண்டார். எல்லாரும் காத்திருந்தோம். சிஸ்டர் இருமிப் பார்த்தார். ம்ஹூம். முதலாளி போன பிறகு, ஏன் அந்த மனுசனுக்கு நல்ல மனசு சொல்லவில்லை என்று சிஸ்டர் கேட்டதற்கு, சாவகாசமாகப் பதில் சொன்னார்: "பாக்கணும். இன்னும் தெரியல."

என்னைப் பற்றியும் அவருக்குப் பதினொரு மாதம் தெரியாமலேதான் இருந்தது. அதுவரைக்கும் என் அறிமுகம் கோவம் வரும் என்பதோடு முடிந்துவிடும். ஒருநாள் தபால்காரர் முன்னால் வழக்கம்போல எல்லாம் சொல்லி முடித்து, ஒரு மூச்சு விட்டு, "ஆனா நல்ல மனசு" என்றார். எதற்காக என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அந்தக் கிழமை அவருக்குச் சளி. மூக்கைச் சிந்திவிட்டேன், அதையும் முணுமுணுத்துக்கொண்டேதான் செய்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்குச் சந்தோசத்தில் சோறு இறங்கவில்லை. பரீட்சை முடிவு வந்த நாளில்கூட நான் அப்படி இருந்ததில்லை.

இதற்கிடையில் ஒரு வேடிக்கை. நேரம் தெரியாத, கயிறு கட்டத் தெரியாத அந்த மனுசனிடம் அடையாள அட்டை இருந்தது. அவருடைய அப்பா டவுனில் கிளார்க்காக இருந்தவர், கண்ணை மூடுவதற்கு முன் எல்லாப் பத்திரமும் எடுத்து வைத்துவிட்டுப் போயிருந்தார். அட்டையை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, ஜெபமாலையோடு சேர்த்துக் கழுத்தில் மாட்டியிருப்பார். என்னிடம் அட்டை இல்லை. என் தாத்தா எப்போதோ இந்தியாவுக்குப் போகிறோம் என்று எழுதிக் கொடுத்திருந்தார். நாங்கள் சாமான் கட்டி முடிப்பதற்குள் சண்டை வந்து கப்பல் நின்றுவிட்டது. அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. நாட்டின் கணக்கில் அவர் ஓர் ஆள், நான் ஆளே கிடையாது.

அந்தத் தொண்ணூறுகளில் தமிழ் ஆட்கள் இருக்கிற வீடுகள் பொலிசுக்குப் பெயர்ப் பட்டியல் கொடுக்க வேண்டும். எழுத்து அழகாக இருக்கிறது என்று அந்த வேலை என் தலையில் விழுந்தது. நான் தாளை இரண்டாகப் பிரித்து, இந்தப் பக்கம் பராமரிப்பவர், அந்தப் பக்கம் பராமரிக்கப்படுபவர் என்று கோடு போட்டு எழுதிக்கொண்டு போனேன். பராமரிப்பவர் பக்கத்தில் முதல் பெயர் என்னுடையது. சிஸ்டர் வாங்கிப் பார்த்தார், கிழித்தார், அடுப்பில் போட்டார். அப்படியென்றால் பொலிஸ்காரன் என்னையும் புத்தி சரியில்லாதவன் என்று நினைக்கட்டுமா என்று நான் குதித்தேன். நினைத்தால் என்ன என்று கேட்டார் சிஸ்டர். கடைசியில் பட்டியலிலும், நாங்கள் பையில் வைத்துக்கொண்டு திரிகிற கடிதத்திலும், எல்லாருக்கும் ஒரே வரிதான்: இவர் எங்கள் வீட்டில் வசிப்பவர். அந்த வரியை எழுதும்போது பேனா முனை உடைகிற அளவுக்கு எனக்கு எரிச்சல்.

எங்கள் வீட்டுக்கு வருமானம் மிளகும் கராம்பும் துப்புரவாக்கிப் பைக்கட் போட்டு விற்பதில் வந்தது. அலுவிகாரையில் ஒரு ஹாஜியார் புதிதாகக் கடை திறந்திருக்கிறார், கேட்டுப் பாருங்கள் என்று ஒரு வெள்ளிக்கிழமை சிஸ்டர் எங்கள் இருவரையும் அனுப்பினார். கொழும்பில் குண்டு வெடித்தால் மாத்தளையில் பஸ் நிற்கும் என்பது எங்களுக்குப் பழகிப்போன விசயம். இரண்டு நாளைக்கு முன்தான் வெடித்திருந்தது. அலுவிகாரைக்குக் கிட்டே பொலிஸ் காவலரணில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசை நகர்ந்தது. அவர் தன் அட்டையை நீட்டினார், போகலாம் என்றார்கள். நான் கடிதத்தை நீட்டினேன். அட்டை எங்கே என்று கேட்டார்கள். பலாமரத்தடியில் போய் நிற்கச் சொன்னார்கள்.

அங்கே ஏற்கெனவே இரண்டு பொடியன்கள் நின்றார்கள். பக்கத்தில் படங்குத் துணி போட்டு மூடிய ஒரு வாகனம். எங்கள் தோட்டத்து லயத்தில் ஒருத்தனை இப்படித்தான் ஏற்றினார்கள். அவன் அம்மா மூன்று மாதம் முகாம் முகாமாக நடந்தாள், கடைசியில் நடக்கிறதையும் விட்டுவிட்டாள். அந்த வாகனத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்த சிங்களம் எல்லாம் மறந்துபோனது.

அவர் பஸ்ஸில் ஏறவில்லை. நேராகப் பலாமரத்துக்கு வந்தார். அவரைப் போன்ற ஓர் ஆளை யாரும் மறிக்க நினைப்பதில்லை. வழக்கம்போல என் கையைப் பிடித்தார், மேசைக்குப் பின்னால் வெயிலில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த அதிகாரியிடம் இழுத்துக்கொண்டு போனார். எனக்கு உயிரே போய்விட்டது. இவர் இப்போது என்ன செய்யப்போகிறார் என்று எனக்குத் தெரியும். அதைத்தான் செய்தார். தனக்குத் தெரிந்த சிங்களத்தில், ஒரு சொல் குறையாமல்.

"இவரு எல்கடுவப் பக்கம். காலையில எழும்ப மாட்டாரு, எழுப்பி விடணும். வெங்காயத்த ஒதுக்கி வைப்பாரு. கோவம் வரும். ஆனா நல்ல மனசு."

அதிகாரி பேனாவை வைத்துவிட்டு, நீ இவருக்கு யார் என்று கேட்டார்.

"நான்தான் இவர பாத்துக்கிறேன்."

அதிகாரி இரண்டு பேரின் கடிதத்தையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரே வரி. பிறகு எங்களைப் பார்த்தார். ஒருவர் தலை சீவி, சட்டைப் பொத்தான் எல்லாம் பூட்டி, கழுத்தில் அட்டையோடு நிற்கிறார். மற்றவன் வாயைத் திறந்துகொண்டு நடுங்குகிறான், கையில் ஓர் அட்டைகூட இல்லை. அந்த இடத்தில் நான் அதிகாரியாக இருந்தாலும் அதே முடிவுக்குத்தான் வந்திருப்பேன்.

காலையில் எழும்ப மாட்டாயா என்று என்னிடம் கேட்டார். ஆறு பாடமும் தொண்டைவரை வந்து நின்றன. மாட்டேன் சேர் என்றேன். வெங்காயம்? சாப்பிட மாட்டேன் சேர். கோவம் வருமா? அவர்மேல், என்மேல், தாத்தாமேல், வராமல்போன கப்பல்மேல் என்று அந்த நிமிசம் எனக்கு யார்மேல்தான் கோவம் இல்லை. வரும் சேர் என்றேன்.

அதிகாரி தலையை ஆட்டிவிட்டு, பெரிய புத்தகம் ஒன்றைத் திருப்பி, ஆளைப் பொறுப்பெடுத்ததற்குக் கையெழுத்துப் போடு என்று அவரிடம் கொடுத்தார். அவருக்குத் தன் பெயரை எழுதத் தெரியும், கோலம் போடுகிற வேகத்தில். நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு ஓர் எழுத்து, பிறகு ஓர் எழுத்து. பஸ் நிற்கிறது, சனம் நிற்கிறது, அதிகாரி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். முடிந்ததும், பத்திரமாகப் பார்த்துக்கொள், நாங்கள் கேட்டால் நீதான் பதில் சொல்ல வேண்டும் என்றார். அவர் அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார். போகிறபோது சும்மா போனாரா? அதிகாரியை எனக்கு அறிமுகம் செய்தார். இவரு நல்லா எழுதுவாரு, வெயில்ல உக்காந்திருக்காரு என்று. நல்ல மனசு சொல்லவில்லை. இன்னும் தெரியாதுதானே.

ஹாஜியார் கடை ரோட்டுக்கு அந்தப் பக்கம்தான். அங்கே போகாமலே அடுத்த பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பிவிட்டோம். பலாமரத்தடியில் நின்ற அந்த இரண்டு பொடியன்களையும் நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்களை அறிமுகம் செய்து வைக்க யாரும் வரவில்லை. அவர்கள் என்ன ஆனார்கள் என்று எனக்குத் தெரியாது, விசாரிக்கிற தைரியமும் இருக்கவில்லை.

வீட்டில் ஒரு கிழமை இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. நான் போட்ட இரண்டு பத்திப் பட்டியலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என் மனசு ஆறியிருக்கும். கேட்கவே இல்லை.

அதற்குப் பிறகு நம் ஆள் தாங்க முடியாதவராகிவிட்டார். கையெழுத்துப் போட்டு எடுத்த ஆள் அல்லவா நான்! விடிய முன்னமே வந்து எழுப்புவார். நான் வாசல் தாண்டினால் எங்கே என்று கேட்பார். மலசலகூடத்துக்குப் போனாலும் வெளியே நின்று, தம்பி இருக்கீங்களா என்பார். வருகிற போகிறவர்களிடம் என் அறிமுகத்தில் ஒரு வரி கூடிவிட்டது: பொலிஸ்ல கையெழுத்து போட்டு எடுத்தது. உயிரைக் காப்பாற்றியவர்தான், இல்லை என்று சொல்லவில்லை. உயிரைக் காப்பாற்றிய மனுசனோடு தினமும் ஒரே வீட்டில் இருந்து பார்த்தால்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

இரண்டு வருசம் பொறுத்தேன். கொழும்பில் ஓர் இரும்புக் கடையில் மாமா மகன் வேலை பார்த்து வைத்தான். அட்டைக்குப் பதிலாகக் காட்ட எங்கள் பக்கத்து கிராம சேவகரின் கடிதம் ஒன்றையும் எப்படியோ எடுத்துக் கொடுத்தான். நான் பெட்டி கட்டும்போது இவர் வந்து வாசலை மறித்து நின்றார். போக முடியாது, கையெழுத்து போட்டிருக்கேன், கேட்டா நான்தான் பதில் சொல்லணும் என்றார். அன்றைக்கு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீ யாரு என்னைப் பாக்குறதுக்கு? சப்பாத்துக் கயிறு கட்டத் தெரியாத பைத்தியம்!"

அந்த வீட்டில் யாரும் யாரையும் சொல்லாத சொல் அது. நானும் அவரை அதுவரை நீ என்று சொன்னதில்லை. அவர் அழவில்லை. குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தார். காலையில் நான்தான் கட்டிவிட்டிருந்தேன். பிறகு வாசலிலிருந்து விலகி நின்றார்.

பஸ் ஏறும் இடம்வரைக்கும் பின்னாலேயே வந்தார். என்னைக் கண்டக்டர் முன்னால் நிறுத்தினார். எல்கடுவப் பக்கம், காலையில் எழும்ப மாட்டார், வெங்காயம், எல்லாம் சொன்னார். "கோவம் வரும்" என்றார். நான் காத்திருந்தேன். வாயை மூடிக்கொண்டார். பஸ் எடுத்துவிட்டது.

கொழும்பில் ஆறு வருசம். ஒரு கடிதம் போடவில்லை. வேலை, லீவு இல்லை, பாதை சரியில்லை என்று எனக்கு நானே ஆயிரம் சாட்டுச் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால் எனக்கு அந்த இரண்டு சொல் போய்விட்டது, அதைத் திரும்பக் கேட்கிற முகம் எனக்கு இல்லை. சண்டை நின்றிருந்த காலத்தில் எங்கள் தோட்டத்து ஆட்களுக்கும் பிரஜாவுரிமை வந்து, எனக்கும் அட்டை கிடைத்தது. கையில் வாங்கியதும் அவரிடம் காட்ட வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. தோன்றியதோடு சரி.

அடுத்த வருசம் கடைக்கு சிஸ்டர் போன் எடுத்தார். பிறவியிலிருந்தே அவருக்கு இருதயம் பலவீனம், காலையில் எழுப்பப் போனபோது எழும்பவில்லை என்றார். எல்லாரையும் எழுப்புகிற மனுசன். வருகிறபோது அலுவிகாரை ஹாஜியார் கடையில் மெழுகுதிரியும் வெள்ளைத் துணியும் எடுத்து வைத்திருப்பார், வாங்கிக்கொண்டு வா என்றும் சொன்னார்.

காவலரண் இருந்த இடத்தில் இப்போது மணல் நிரப்பிய பீப்பாய் ஒன்றுதான் கிடந்தது. பலாமரம் நின்றது. கடைக்குள் போய் சிஸ்டர் வீட்டுச் சாமான் என்றேன். ஹாஜியார் கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"நீங்கதானே அந்தக் கையெழுத்து போட்டு எடுத்த ஆள்?"

யார் சொன்னது என்று வெடுக்கென்று கேட்டேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். சரிதான், கோவம் வருது என்றார்.

துணியைப் பேப்பரில் சுற்றிக்கொண்டே அவர்தான் எல்லாம் சொன்னார். நான் போன பிறகு நம் ஆள் வெள்ளிக்கிழமை தவறாமல், வேறு ஜோடியோடு மிளகுப் பை கொண்டு வருவாராம். பையை இறக்கியதும் ரோட்டைக் கடந்து காவலரணுக்குப் போவார். மேசை முன்னால் நின்று, என்னைப் பற்றிச் சொல்லிவிட்டு வருவார். கொழும்பில் இருக்கிறார், உடம்பு நல்லா இருக்கு, கடையில் வேலை. கேட்டால் பதில் சொல்ல வேண்டும் அல்லவா, கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டால் என்னைத் தேடி வர மாட்டார்கள் என்று அவர் கணக்கு. அதிகாரிகள் மாறினார்கள். பழையவர் புதியவருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவார். சிலர் பிளேன்டீ ஊற்றிக் கொடுப்பார்கள். காவலரணை எடுத்த பிறகு இரண்டு வெள்ளி அந்தப் பீப்பாய்க்கு முன்னால் போய் நின்றார். மூன்றாவது வெள்ளியிலிருந்து ஹாஜியாரிடம் சொல்ல ஆரம்பித்தார்.

"போன கிழமையும் சொன்னாரு தம்பி. மௌத்தாவுறதுக்கு முந்தின வெள்ளி."

என்ன சொல்வார் என்று கேட்டேன்.

"காலையில எழும்ப மாட்டாரு. வெங்காயம் தின்ன மாட்டாரு. கடுதாசி போட மாட்டாரு. கோவம் வரும்."

அதோடு நிறுத்தி, நூலைப் பல்லில் கடித்து அறுத்தார். நான் காத்திருந்தேன். அன்றைக்கு பஸ்ஸில் காத்திருந்த மாதிரியேதான். இந்தத் தடவை என்னால் முடியவில்லை. அவ்வளவுதானா என்று கேட்டேன்.

"வேற என்ன... நல்ல மனசுன்னு சொல்லி முடிப்பாரு. அது எல்லாருக்கும் சொல்றதுதானே. என்னையே சொல்லியிருக்காரு, தராசுல கை வைப்பாரு, ஆனா நல்ல மனசுன்னு."

"எல்லாருக்கும் சொல்றதில்லைங்க" என்றேன்.

கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. ஹாஜியார் பொதியை மேசையில் வைத்துவிட்டு, ஒரு கதிரையை இழுத்து எனக்குப் பின்னால் போட்டார். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, உட்காருங்கள் என்றார்.